மைக்கில் நழுவிய தாய்மாமன்

1

குவாங்சோவுக்கு வந்து ஏழாவது வருஷம் ஓடுகிறது. சீனத்தை ஆங்கிலத்தில் சொல்வதும் ஆங்கிலத்தைச் சீனத்தில் சொல்வதும்தான் இங்கே என் பிழைப்பு. தமிழுக்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை. ஆனாலும் போன மாதம் ஒரு மாநாட்டில், ஆங்கிலம் கேட்பதற்காகக் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு நான் ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லிவிட்டேன். வேண்டுமென்று சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. அந்தச் சொல் 'தாய்மாமன்'.

ஏன் அந்தச் சொல் என்று சொல்வதற்கு முன்னால் என் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டம். அம்மாவுக்கு முதல் தடவை விளக்கினபோது இப்படித்தான் சொன்னேன்: மேடையில் ஒருத்தர் சீனத்தில் பேசுவார். மண்டபத்தின் பின்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி அறை இருக்கும். அதற்குள் உட்கார்ந்து, அவர் முடிக்கிறவரை காத்திராமல், அவர் பேசப் பேசவே நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போவேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஒருத்தர் பேசுறப்ப குறுக்க பேசாதன்னு உன்னய எம்புட்டு அடிச்சிருப்பேன். அதுக்கா இப்பச் சம்பளம் குடுக்குறாய்ங்க?"

"குறுக்க இல்லம்மா. கூடவே."

"கூடவே பேசுனா அந்தாளு கோவிச்சுக்க மாட்டாரா?"

"அவருக்குக் கேக்காதும்மா. அவரு பேச்சு புரியாதவங்களுக்குத்தான் கேக்கும்."

"அது செரி. கோடாங்கின்னு சொல்லு. சாமி பேசும், கோடாங்கி நமக்குச் சொல்லுவாரு."

அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பேர் கோடாங்கி. பொருத்தமான பேர்தான். கோடாங்கி சாமியாகவே பேசுவார், "நான் கோவமா இருக்கேன்" என்பார். எங்கள் தொழிலிலும் அதே விதிதான். மேடையில் இருப்பவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்று ஆரம்பித்தால் அது கத்துக்குட்டி வேலை. கண்ணாடி அறைக்குள் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை "நான்" என்கிறேன். அதில் ஒன்றுகூட நான் இல்லை.

2

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டிக்குப் பக்கம். அப்பா பெருமாள், பருத்தியும் சோளமும் போடுகிற சம்சாரி. பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். செல்வி அக்கா எட்டாவதோடு நின்றுவிட்டாள். நின்றாளா, நிறுத்தினார்களா என்று அவளிடம் கேட்டால், "நீ படிச்சதே ரெண்டு பேரு படிச்ச மாதிரிதான, விடுடா" என்பாள்.

வீட்டுக்கு முதல் படித்தவனாகப் பிறந்தவன் சின்ன வயசிலேயே மொழிபெயர்ப்பாளன் ஆகிவிடுகிறான். அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு மதுரையில் ஒரு டாக்டரிடம் போனோம். வடக்கத்திக்காரர், தமிழ் அவ்வளவாக வராது. பாரமாக எதையும் தூக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் அப்பாவிடம் சொன்னேன். "மம்பட்டி பாரத்துல சேத்தியான்னு கேளு" என்றார் அப்பா. மம்பட்டிக்கு ஆங்கிலம் எனக்குத் தெரியவில்லை. எழுந்து நின்று டாக்டரின் மேஜைக்கு முன்னால் வரப்பு வெட்டிக் காட்டினேன். அவர் பதறிப்போய், "நோ! நோ!" என்றார். அப்பா என்னைப் பார்த்து, "புரிஞ்சிருச்சு, சொல்ல வேணாம்" என்றார்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு காலேஜில் மெக்கானிக்கல் படித்தேன். முதல் வேலை ஒரு நூற்பாலையில். அங்கே இயந்திரம் பூட்ட வந்த சீனக்காரர்களோடு ஒட்டிக்கொண்டு மொழி பழகினேன். அப்புறம் மொழிபெயர்ப்புப் படிக்க உதவித்தொகை கிடைத்து இங்கே வந்தேன்.

இந்த வேலையில் எனக்குக் கைகொடுப்பது தமிழ்க் காதுதான் என்று சொன்னால் நம்புவீர்களா? சீனக்காரர், "போன வருஷம் மதுரையில நாங்க பூட்டுன, தானே நூல மாத்திக்கிற மிஷின்" என்று, நம்மைப் போலவே, அடைமொழியை எல்லாம் முன்னால் அடுக்கிவிட்டுக் கடைசியில்தான் மிஷினைச் சொல்வார். ஆங்கிலத்துக்கு மிஷின் முதலில் வேண்டும். என்னோடு படித்த வெள்ளைக்காரப் பையன்கள் அந்த மிஷின் வந்து சேர்வதற்குள் தவித்துப்போவார்கள். எனக்குத் தவிப்பில்லை. "நேத்துச் சந்தையில பாத்தேன்ல, அந்த வெள்ள மாட்ட..." என்று ஆரம்பித்து, ஒரு வாய் வெற்றிலை போட்டுவிட்டு, அதற்கப்புறம் "வாங்கல" என்று முடிக்கிற அப்பாவுக்குப் பிறந்தவன் நான்.

எண்களும் அப்படித்தான். சீனத்தில் பத்தாயிரத்துக்கு 'வான்' என்று தனிச் சொல் உண்டு. இருபது வான் என்று காதில் விழுந்தால், 'ரெண்டு லட்சம்' என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். அதற்கப்புறம்தான் 'டூ ஹண்ட்ரட் தவுசண்ட்' வாயில் வரும். குவாங்சோவிலிருந்து லண்டன் போகிற பஸ் கல்லுப்பட்டியில் ஒரு நிமிஷம் நின்றுதான் போகும்.

கண்ணாடி அறையில் என் பக்கத்து நாற்காலி லின் ஜியேயுடையது. ஜியே என்றால் அக்கா. இது தனியாளாகச் செய்கிற வேலை இல்லை. அரை மணி பேசினால் மூளை ஆட்டுரலில் போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் மாறி மாறிப் பேசுவோம். எனக்கு ஓய்வு வரும்போது நான் அவருக்கு எண்களை எழுதித் தள்ளுவேன், அவருக்கு ஓய்வு வரும்போது அவர் எனக்கு. அடுத்தவர் முறையையும் சேர்த்து ஒருவர் பேசுவது என்பது எங்கள் தொழிலில் ரத்தம் கொடுப்பது மாதிரி. சும்மா கேட்டுவிட முடியாது.

3

செல்வி அக்கா இப்போது மதுரையை ஒட்டிய விளாங்குடியில் இருக்கிறாள். மச்சான் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் யாழினி, ஐந்து வயது நடக்கிறது. கைக்குழந்தையாக ஒரே ஒரு தடவை அவளைத் தூக்கியிருக்கிறேன். மற்றபடி எங்கள் உறவெல்லாம் வீடியோவில்தான். அதனால் அவளுக்கு நான் 'போன் மாமா'.

அவளுக்குக் காது குத்துவது என் மடியில் வைத்துத்தான். அது எங்கள் பக்கம் எழுதாத சட்டம். வேறு மாமன் யாரையாவது உட்கார வைக்கலாம் என்றால், எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை நான் ஒருவன், அப்பாவுக்கும் கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஒரு வயதில் குத்த நாள் பார்த்தார்கள், எனக்குப் பரீட்சை. மூன்று வயதில் பார்த்தார்கள், வேலையில் சேர்ந்த புதிது. இந்தத் தடவை எப்படியும் வாரேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

மாநாட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் மச்சான் வீடியோவில் கூப்பிட்டார். "மாப்ள, இத மட்டும் பாரு!" என்று போனைத் திருப்பினார்.

ஆள் உயரத்துக்கு ஒரு பிளக்ஸ். தலையில் ஹெட்போன் மாட்டிய என் படம். 'சீனாவிலிருந்து வருகை தரும் தாய்மாமனே வருக!' என்று தங்க எழுத்து. பக்கத்தில் நெருப்புக் கக்கும் டிராகன்.

"டிசைன் பண்ணுன பய டிராகன ஃப்ரீயாப் போட்டுக் குடுத்தான் மாப்ள. எப்புடி இருக்கு?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத்தான் வேண்டியிருந்தது. "மச்சான், பாஸ்போர்ட்டு ஆபீஸ்ல மாட்டிக்கிருச்சு. அந்தத் தேதிக்குள்ள கைக்கு வராது."

"பிளக்ஸ் அடிச்சாச்சே மாப்ள," என்றார்.

போன் அக்கா கைக்குப் போனது. "முதல்ல பரீட்சைன்ன. பெறகு வேலைன்ன. இப்பப் பாஸ்போர்ட்டா? இன்னும் ரெண்டு வாட்டி தள்ளிப் போட்டா அவளுக்குக் கல்யாணமே ஆயிரும்டா. மூணாந்தடவையும் நாள மாத்துனா என் மாமியா மூஞ்சில நான் முழிக்க முடியுமா? கார்த்தி மடியில உக்கார வச்சு முடிச்சிருவோம்னு இப்பவே சொல்லுது."

கார்த்தி மச்சானின் தம்பி, யாழினிக்குச் சித்தப்பா. தங்கமான பையன். தினமும் அவளைப் பைக்கில் பள்ளிக்கூடத்தில் விடுவது அவன்தான். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுதான் இன்னும் வலித்தது.

யாழினி நடுவில் தலையை நீட்டினாள். "அம்மா, சித்தப்பாவும் அங்கிள்தான், போன் மாமாவும் அங்கிள்தான். மிஸ் சொன்னாங்க. ரெண்டும் சேம்."

"உங்க மிஸ்ஸக் கூட்டிட்டு வா. அவுக காதுலயும் சேத்துக் குத்தி விடுறேன்," என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா தெரியவில்லை. படம் ஆடி, இணைப்பு அறுந்துவிட்டது.

ஐந்து வயதில் நடப்பது பிள்ளைகளுக்கு மறக்காது. மாமா என்ற சொல்லைக் கேட்டால் பெரியவளானதும் அவளுக்கு எந்த முகம் வரும், யார் மடி நினைவுக்கு வரும் என்பது அந்த ஒரு காலையில் முடிவாகப் போகிறது. அந்தக் காலையில் நான் இருக்க மாட்டேன்.

4

பாஸ்போர்ட் விஷயம் இதுதான். இங்கே குடும்பப் பெயர் இல்லாத மனுஷனைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. எனக்குச் செந்தில் என்று ஒரே பேர். அப்பா பேரைக் குடும்பப் பெயராகப் போட்டார்கள். ஒரு காகிதத்தில் நான் செந்தில் பெருமாள், இன்னொன்றில் பெருமாள் செந்தில், மூன்றாவதில் வெறும் செந்தில். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்தபோது இந்த மூன்று பேரும் ஒருத்தன்தானா என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தீருகிறவரை பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கும்.

சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் "பேய்லூமாஆர்!" என்று கூப்பிட்டாள். பெருமாளின் சீன உருவம் அது. அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் ஊரில் சண்டைக்கு வருகிறான் என்று அர்த்தம். இங்கே எழுந்து, பணிவாகப் போய் நின்றேன். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால் பாஸ்போர்ட்டை இன்றைக்கே தருகிறேன், ஊருக்குப் போகலாம், ஆனால் திரும்பி வர முதலிலிருந்து தொடங்க வேண்டும், வேலைக்கு உறுதி சொல்ல முடியாது என்றாள். பாவம், அவளும் அன்பாகத்தான் சொன்னாள். அதை அக்காவிடம் சொன்னபோது, "வேலைய விட்டுட்டு வந்த, காதக் குத்த மாட்டேன், அறுத்துருவேன், உன் காத" என்றாள்.

5

மறுநாள் மாநாடு. நூற்பு இயந்திரம் செய்கிற ஆலை முதலாளி ஹுவாங் பேச வந்தார். பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மேடையேறியதும் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டார். எங்கள் தொழிலில் யாரும் பார்க்க விரும்பாத காட்சி இது. என் முறை.

தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சின்ன வயசில் அப்பா இறந்துவிட்டார். ஷூஷூ அவரை வீட்டைவிட்டு விரட்டினார். ஜியோஜியோ கூட்டிக்கொண்டு போய் லேத் பட்டறையில் வேலை கற்றுக்கொடுத்தார். ஷூஷூ என்றால் சித்தப்பா, ஜியோஜியோ என்றால் அம்மாவோடு பிறந்தவர். சீனத்தில் நம்மைப் போல ஒவ்வொருவருக்கும் தனிச் சொல் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சட்டை.

"மை அங்கிள் என்னை விரட்டினார்" என்றேன். "மை அங்கிள் என்னைச் சேர்த்துக்கொண்டார்" என்றேன். கண்ணாடி வழியே பார்த்தால் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். முன்வரிசையில் ஒரு பெரிய உடம்புக்காரர் காதுக் கருவியைக் கழற்றி விரலால் தட்டிப் பார்க்கிறார்.

ஹுவாங் வேகம் பிடித்துவிட்டார். "ஷூஷூ விரட்டியிருக்காவிட்டால் ஜியோஜியோ என்னைத் தேடி வந்திருக்க மாட்டார்!" இதை நான் எப்படிச் சொல்வது? அங்கிள் விரட்டாவிட்டால் அங்கிள் தேடியிருக்க மாட்டார் என்றா? 'மதர்ஸ் பிரதர்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். முந்தின நாள் பார்த்த தங்க எழுத்து குறுக்கே வந்து நின்றது.

"மை தாய்மாமன்" என்றேன்.

லின் ஜியே மெதுவாகத் தலையைத் திருப்பினார். 'இது எந்த மொழி?' என்று எழுதித் தள்ளினார். ஆனால் ஒரு சொல்லை ஒரு தடவை போட்டுவிட்டால் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும், மாற்றினால் கேட்பவர்கள் குழம்புவார்கள். அம்மாவின் சகோதரர் என்று ஒரே ஒரு தடவை ஆங்கிலத்தில் விளக்கம் சேர்த்துவிட்டு, மிச்சக் கதை முழுக்கத் தாய்மாமன் என்றே சொல்லி முடித்தேன். மண்டபம் தெளிந்துவிட்டது. பெரிய உடம்புக்காரர் கருவியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

தேநீர் இடைவேளையில் அவர் நேராக ஹுவாங்கிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். நைரோபியிலிருந்து வந்த வியாபாரி. "உங்கள் தைமாமன் பெரிய மனிதர் ஐயா!" என்றார் ஆங்கிலத்தில். ஹுவாங் விழித்தார். "நான் இப்படி ஒரு சொல்லைச் சொன்னேனா?" என்று லின் ஜியேயிடம் கேட்டார். லின் ஜியே என்னைக் காட்டிக்கொடுத்தார்.

நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "உங்கள் ஊரிலும் ஜியோஜியோவுக்குத் தனிச் சொல் உண்டா?" என்றார்.

"சொல் மட்டுமில்லை, தனி மடியே உண்டு," என்று காது குத்தைச் சொன்னேன்.

"எங்கள் கிராமத்துக் கல்யாணத்தில் ஜியோஜியோ தலைமை நாற்காலியில் உட்காராமல் ஒருத்தனும் சோற்றில் கை வைக்க மாட்டான். நீ யாருக்காவது ஜியோஜியோவா?"

"அக்கா மகளுக்கு."

அன்றைக்கு மதியம் அவர் என்னை விடவில்லை. விருந்துகளில் மொழிபெயர்ப்பாளனுக்கு முதலாளிகளின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்தான், அடுத்தவர் தின்கிற மீனைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டியதுதான். அன்று என்னை மேஜையிலேயே உட்கார வைத்தார். பெரிய விருந்தாளி யாரோ, அவரைப் பார்த்து மீனின் தலையை வைப்பது இங்கத்து மரியாதை. ஹுவாங் தட்டைச் சுழற்றினார். மீன் என்னைப் பார்த்தது. "சாப்பிடு, ஜியோஜியோ!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊர்பேர் தெரியாதவர்கள் மாமன் என்று மரியாதை செய்கிறார்கள், உட்கார வேண்டிய இடத்தில் வேறொருவன் உட்காரப் போகிறான்.

6

காது குத்து அன்றைக்கும் எனக்கு வேலை இருந்தது. லின் ஜியேயிடம் எதையும் கேட்கவில்லை. தேதி மட்டும் அவருக்குத் தெரியும். என் முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மைக்கை அடைத்துவிட்டு, "போ. உன் அரை மணியையும் நானே பேசுகிறேன்," என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்து வீடியோவைத் திறந்தேன். கல்லுப்பட்டிப் பக்கத்துக் குலசாமி கோயில். வேப்பமரத்தில் என் பிளக்ஸ். மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, கார்த்தியின் மடியில் யாழினி. கொட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது. ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் அலறிய அலறலில் கொட்டே நின்றுவிட்டது.

"கார்த்தி, இறுக்கிப் பிடி!" என்று யாரோ கத்தினார்கள்.

"அண்ணி, எனக்கே ஊசின்னா மயக்கம் வரும்," என்றான் கார்த்தி. அவன் கண் மூடியிருந்தது.

"போன் மாமாகிட்டப் பேசணும்!" என்றாள் யாழினி. அது பயமா, நேரம் கடத்துகிற தந்திரமா தெரியாது. அக்கா போனை அவள் இடது காதில் வைத்தாள். எனக்குப் படம் போய்விட்டது, சத்தம் மட்டும்தான். அது எனக்குப் பழக்கம்.

"மாமா, அந்தத் தாத்தா என்னமோ சொல்றாரு. புரியல."

ஆசாரி வாய் நிறைய வெற்றிலை. கொட்டு வேறு மறுபடி ஆரம்பித்துவிட்டது. இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலை மட்டும் பிடிப்பதுதானே என் பிழைப்பு. அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். "தலைய அங்கிட்டுத் திருப்பு. ஆடாம இரு. உன்னய இல்ல, சித்தப்பாவத்தான் ஆடாம இருக்கச் சொல்றாரு." அவள் களுக்கென்று சிரித்தாள். ஆசாரி ஏதோ முனகினார். தொழில் பழக்கம், நானும் அப்படியே சொல்லிவிட்டேன்: "இந்தா, இப்பக் குத்தப் போறேன்."

"மாமா, நீயா குத்தப் போற?" என்று வீறிட்டாள்.

"இல்லடா தங்கம்! குத்துறது தாத்தா. நான் மாமா. நான் உங்கூடப் பேசிக்கிட்டு இருக்கேன், நான் எங்கயும் போகல, நான்..."

அதற்குள் முடிந்துவிட்டது. அழுகை என் காதைத் துளைத்தது. அடுத்தது இடது காது. குத்தின காதில் போனை வைக்க முடியாது. அக்கா ஸ்பீக்கரில் போட்டு, யாழினி மடியில் வைத்தாள். படம் திரும்ப வந்தது. மேலே சந்தன மொட்டை, அதற்கும் மேலே வேப்பங்கிளை, ஓரத்தில் கண்ணை மூடிய கார்த்தி. சித்தப்பா மடியில் அவள், அவள் மடியில் நான். இரண்டாவது தடவை அவள் அலறவில்லை. குனிந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. அது யாருடைய பேச்சும் இல்லை, என் பேச்சு.

முடிந்ததும் மச்சான் முகம் தெரிந்தது. "மாப்ள, எல்லாம் நல்லபடியா ஆச்சு. ஒண்ணுதான். அந்த டிராகனப் பல்லிங்குறாய்ங்கப்பா."

அறைக்குள் திரும்பினேன். லின் ஜியேயின் குரல் கம்மியிருந்தது. பேச்சை நிறுத்தாமலே தன் காதைத் தொட்டு, புருவத்தைத் தூக்கினார். தலையாட்டினேன். மைக்கை என் பக்கம் தள்ளினார்.

7

பாஸ்போர்ட் வந்துவிட்டது. அனுமதியில் இப்போது நான் முழுக்க முழுக்கப் பெருமாள். பரவாயில்லை, அப்பா பேர்தானே. பொங்கலுக்கு வாரேன் என்று சொல்லியிருக்கிறேன். டிக்கெட்டும் போட்டாச்சு. பிளக்ஸைக் கழற்ற வேண்டாம், தேதியை மட்டும் ஒட்டிக்கொள்ளலாம் என்று மச்சான் முடிவு செய்திருக்கிறார்.

இன்று காலையில் யாழினி குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். "மாமா, காதுல புண்ணு ஆறிப்போச்சு. மிஸ் கம்மல் நல்லாருக்குன்னாங்க. யாரு குத்துனாங்கன்னு கேட்டாங்க. சித்தப்பா பிடிச்சாரு, மாமா பேசுனாருன்னு சொன்னேன். ரெண்டும் அங்கிள்தானன்னாங்க. இல்ல மிஸ், சேம் இல்லன்னேன். அப்ப மாமாவுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு கேட்டாங்க. நீ இங்கிலீஷ்தான வேலை பாக்குற? என்னன்னு சொல்லட்டும்?"

மூன்று தடவை போட்டுக் கேட்டேன். பக்கத்து நாற்காலியில் லின் ஜியே எண்கள் எழுதக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தார். மாநாடு தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மைக்கில் தவறிச் சொன்னதை இந்தத் தடவை தெரிந்தே சொன்னேன்.

"தாய்மாமன்னே சொல்லு, தங்கம். இங்கிலீஷ்லயும் அதுதான்."